நீந்தும் பாசி

மும்பை மாநகரில் சில காலமேனும் வாழ்ந்த தமிழர் தோபி தலாவ், கோவாலியா டாங்க் என்னும் பெயர்களை நன்கு அறிவர். 'தலாவ்' என்றாலும் குளம். 'டாங்க்' என்றாலும் குளம். பெயரை நம்பி அங்கே குளத்தைத் தேடிச் செல்வோர் ஏமாந்தே திரும்ப வேண்டும். வண்ணார் துணி வெளுத்த குளமும் இடையர் மாடுகளைக் கொணர்ந்த குளமும் தூர்ந்து, சாலையும் கட்டடமும் மைதானமுமாகிப் பல காலம் ஆயிற்று. ஊருணியும் தெப்பக்குளமும் கண்டு வளர்ந்த நமக்கு, குளம் மறைந்த பின்னும் அதன் பெயர் மட்டும் பேருந்துப் பலகையில் நிற்பது விந்தையாகவே தோன்றும்.

பழைய பம்பாயில் இத்தகைய குளங்கள் பல இருந்தன. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நகரில் ஹென்றி ஜான் கார்ட்டர் என்னும் ஆங்கிலேயர் வாழ்ந்துவந்தார். பம்பாய்ப் படையைச் சேர்ந்த மருத்துவர் அவர். அந்நகரத்துக் குளத்து நீரை நுண்ணோக்கியின்கீழ் வைத்து ஆராய்வதில் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது. நன்னீரில் வளரும் பஞ்சுயிர்களைப் பற்றி முதலில் எழுதினார். பின்னர், 1859-ஆம் ஆண்டில், நீரில் உருண்டு உருண்டு செல்லும் பச்சை நிறப் பந்து போன்றதோர் உயிரின் இனப்பெருக்கத்தைப் பற்றிக் கட்டுரை ஒன்று வெளியிட்டார். அவர் பம்பாயில் கண்ட அவ்வுயிருக்கு 1878-இல் ஸ்டைன் என்னும் அறிஞர் 'வால்வாக்ஸ் கார்ட்டெரி' எனப் பெயரிட்டார். உலகின் பல ஆய்வுக்கூடங்களில் இன்று நாள்தோறும் வழங்கும் பெயர் அது. பம்பாய்க் குளத்தையும் அதில் நீர் மொண்டவரையும் அப்பெயர் நினைவூட்டுகிறது என்பதை அவற்றில் பணிபுரிவோரிலும் எத்துணைப் பேர் எண்ணிப் பார்ப்பர் என்று சொல்ல இயலாது.

பாசி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது படித்துறையில் காலை வழுக்கிவிடும் பச்சைப் படலமே. இருந்த இடத்தில் இருப்பது அதன் இயல்பு என்று எண்ணுகிறோம். பாசியிலும் நீந்தும் குலம் ஒன்று உண்டு. அக்குலத்தில் மிக எளியது கிளாமிடோமோனாஸ் என்பது. அதன் உடல் முழுவதும் ஒரே உயிரணு. நூறு உயிரணுக்களை வரிசையாக வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டர் நீளம் தேறும். உள்ளே கிண்ணம் போன்ற பசுங்கணிகம் ஒன்று. அதன் ஓரத்தில் செம்மை கலந்த ஒரு புள்ளி. முன்புறத்தில் சாட்டை போன்ற இரண்டு இழைகள். இவ்விழைகளைக் கசையிழை என்பர். கசையிழைகளை வீசி வீசி இந்தச் சிற்றுயிர் நீந்துகின்றது. வால்வாக்ஸ் இதன் நெருங்கிய உறவு. இத்தகைய உயிரணுக்கள் ஆயிரக்கணக்கில் ஒரு கோளத்தின் மேற்பரப்பில் பதிந்து, யாவும் ஒருங்கே துடுப்பு வலிப்பது போன்ற அமைப்புடையது.

இக்குலத்தை முதன்முதல் கண்டு எழுதியவர் ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் ஆன்டன் வான் லீவன்ஹூக். பல்கலைக்கழகத்தில் பயிலாதவர், தம் கையாலேயே கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துச் செய்துகொண்டவர். 1700-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் இலண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய மடலில், வாய்க்கால் நீரில் மணலளவு பருமனுள்ள உருண்டைகள் புரண்டு செல்வதைக் கண்டதாகக் குறிப்பிட்டார். அவ்வுருண்டைகளின் உள்ளே சிறு உருண்டைகள் இருந்தன. அவர் பொறுமையுடன் பார்த்துக்கொண்டே இருந்தார். தாய் உருண்டை திறந்தது. சேய் உருண்டைகள் வெளிவந்து நீந்தலாயின. அழுகிய பொருளிலிருந்து உயிர்கள் தாமே தோன்றுகின்றன என்று பலரும் நம்பிய காலம் அது. தம் கண்முன் ஓர் உயிரிலிருந்தே இன்னோர் உயிர் பிறந்ததைக் கண்டவருக்கு அந்நம்பிக்கையை ஏற்க மனம் இடந்தரவில்லை.

1758-இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் இதற்கு வால்வாக்ஸ் என்று பெயர் சூட்டினார். இலத்தீன் மொழியில் உருளுதல் என்னும் வினையடியிலிருந்து பிறந்த சொல் அது. ஆனால் அவர் இதனைத் தாவரங்களோடு வைக்கவில்லை. பிராணிகளின் பட்டியலில், புழுக்களோடு சேர்த்துவிட்டார். நீந்துகிறதே, பின் எவ்வாறு தாவரமாகும்? 1830-ஆம் ஆண்டுகளில் கிளாமிடோமோனாஸுக்குப் பெயரிட்ட ஜெர்மானியர் எரென்பர்க் இன்னும் ஒரு படி மேலே சென்றார். இத்துணைச் சிறிய உயிர்களுக்கும் இரைப்பை முதலிய உறுப்புகள் அனைத்தும் உண்டு என்பது அவர் கருத்து. செம்புள்ளியைக் கண் என்றே அவர் கொண்டார். இரைப்பை விஷயத்தில் அவர் தவறினார் என்பது விரைவிலேயே வெளிப்பட்டது. ஆனால் கண் விஷயத்தில் அவரை நகைத்தவர்கள் சற்றுப் பொறுத்திருக்கலாம். அதனைப் பின்னர்க் காண்போம். பச்சையம் கொண்டு ஒளியை உண்பதால் தாவரம், ஓடித் திரிவதால் பிராணி என்னும் இவ்வழக்கு நெடுங்காலம் நீடித்தது. தாவர நூலாரும் விலங்கு நூலாரும் தத்தம் நூல்களில் இவ்வுயிர்களுக்கு இடமளித்து, ஒருவர் வைத்த பெயரை மற்றவர் அறியாமல் எழுதியதும் உண்டு.

இனி, இவ்வுயிர் நீந்தும் முறையைப் பார்ப்போம். நீச்சல் தெரிந்தவர் என்று நம்மை நாமே எண்ணிக்கொள்கிறோம். கிணற்றிலும் ஆற்றிலும் கற்ற நம் நீச்சல் இந்த உலகில் செல்லாது. நாம் நீரில் ஒரு முறை கையை வீசினால், வீச்சு நின்ற பின்னும் உடல் சற்றுத் தூரம் முன்னே செல்கிறது. அதற்குக் காரணம் நம் உடலின் நிலைமம். நீரின் பிசுபிசுப்பு நம்மைத் தடுக்கத்தான் செய்கிறது. எனினும் நம் பருமனுக்கு அத்தடை பெரிதன்று. உருவம் சிறுகச் சிறுக நிலைமம் தேய்ந்து பிசுபிசுப்பே அரசாளத் தொடங்கும். இவ்விரண்டின் விகிதத்தை மான்செஸ்டர் நகரத்து ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1883-இல் ஆராய்ந்தார். அதனால் ரெனால்ட்ஸ் எண் என்று அதற்குப் பெயர். நீந்தும் மனிதனுக்கு அவ்வெண் இலட்சங்களைத் தாண்டும்; கிளாமிடோமோனாஸுக்கோ அது ஆயிரத்தில் ஒன்று என்னும் அளவே. இச்சிற்றுயிர் துடுப்பை நிறுத்திய கணத்தில் நின்றுவிடும். வந்த வேகத்தில் மேலும் எவ்வளவு தூரம் செல்லும் என்று கணக்கிட்டால், சில அணுக்களின் அகலமே வருகிறது. நம்மை ஒருவர் வெல்லப்பாகு நிறைந்த பெரிய அண்டாவில் இறக்கிவிட்டு, கடிகார முள்ளின் வேகத்தில் கையை அசைக்கச் சொன்னால் நம் நிலை எதுவோ, அதுவே குளத்து நீரில் அதன் நிலை.

இவ்வுலகத்தின் சட்டம் விசித்திரமானது. அமெரிக்க இயற்பியலறிஞர் எட்வர்டு பர்செல் 1976-இல் ஆற்றிய சொற்பொழிவு ஒன்றில் அதனை அழகுற விளக்கினார். மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. என வழங்கும் படமெடுப்புக்கு அடிப்படையான ஆராய்ச்சிக்காக 1952-இல் நோபல் பரிசு பகிர்ந்துகொண்டவர் அவர். அவர் எடுத்துக்கொண்ட உவமை கடற்சிப்பி. கடலில் சில சிப்பிகள் ஓட்டை மெல்லத் திறந்து விரைந்து மூடி, நீரைப் பீச்சி முன்னேறும். அச்சிப்பி கண்ணுக்குத் தெரியாத சிறுமை அடைந்தால் என்ன ஆகும்? திறக்கும்போது எவ்வளவு தூரம் சென்றதோ, மூடும்போது அவ்வளவு தூரம் திரும்பி வரும். விரைவாக மூடினாலும் மெதுவாக மூடினாலும் பயன் ஒன்றே. போன வழியே திரும்பி வரும் எந்த அசைவும் பாகு நிறைந்த உலகில் முன்னேற்றம் தராது. பர்செலுக்குக் கால் நூற்றாண்டு முன்னரே, 1951-இல், ஆங்கில அறிஞர் ஜி. ஐ. டெய்லர் நுண்ணுயிர்களின் நீச்சலுக்குக் கணிதம் வகுத்திருந்தார். பின்னர் அவர் ஒரு படமும் எடுத்தார்: வாலை இப்புறமும் அப்புறமும் ஆட்டும் விளையாட்டு மீன் ஒன்று நீரில் ஓடுகிறது, அதனையே பாகில் விட்டால் வாலை ஆட்டிக்கொண்டு இருந்த இடத்திலேயே நிற்கிறது.

அங்ஙனமாயின் நம் பாசி எவ்வாறு நீந்துகிறது? போன வழியே திரும்பாமலிருப்பதே அதன் உபாயம். இரண்டு கசையிழைகளையும் விறைப்பாக நீட்டி, முன்னிருந்து பக்கவாட்டில் பின்னோக்கி வலிக்கும். பிறகு அவற்றை வளைத்து, உடலை ஒட்டினாற்போல் நழுவவிட்டு, முன்பக்கம் கொண்டுசேர்க்கும். நெஞ்சை நீரில் வைத்துத் தவளை போல் நீந்துவோரின் கைகளைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். நீண்டதோர் இழையைக் குறுக்குவாட்டில் தள்ளும்போது நேரும் தடை, நீளவாட்டில் இழுக்கும்போது நேரும் தடையைப்போல ஏறத்தாழ இருமடங்கு. அந்த வேறுபாடுதான் இவ்வுயிரின் முழு முதல். வலிக்கும்போது முன்னேறும், இழையை மீட்கும்போது சற்றுப் பின்வாங்கும், மிச்சப்படுவதே அதன் பயணம். விநாடிக்கு ஐம்பது முறை இவ்வாறு செய்து, விநாடிக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு செல்கிறது. அற்பத் தூரம் என்று எண்ணிவிட வேண்டா. தன் உடலின் நீளத்தைப் போல் பத்து மடங்கு அது. மனிதன் அவ்வாறு நீந்த வேண்டுமாயின் விநாடிக்குப் பதினேழு மீட்டர் செல்ல வேண்டும். ஒலிம்பிக் வீரரும் இரண்டரை மீட்டரை எட்டுவதில்லை.

இரு துடுப்புகளும் எப்போதும் ஒத்தே இயங்குவன அல்ல. 2009-இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் விரைவுப் படக்கருவி கொண்டு நெடுநேரம் நோக்கியபோது ஓர் உண்மை புலனாயிற்று. சில விநாடிகள் இரண்டும் ஒரே தாளத்தில் வீசும். அப்போது பாசி ஏறத்தாழ நேராகச் செல்லும். திடீரென்று தாளம் பிசகும். ஒன்று விரைந்து மற்றது பின்தங்கும். பாசி சட்டென்று வேறு திசை திரும்பும். பின்னர் மீண்டும் தாளம் கூடும். தாளம் தவறுவதே அதற்குத் திசை மாற்றும் வழியாக அமைந்திருக்கிறது.

செல்லும் திசை ஒளியால் தீர்மானமாகிறது. நீந்தும்போது பாசி தன் அச்சில் விநாடிக்கு ஏறத்தாழ இருமுறை சுழல்கிறது. அதன் பக்கத்தில் உள்ள செம்புள்ளியும் உடன் சுழன்று, கலங்கரை விளக்கைத் தலைகீழாக்கியதுபோல், எத்திசையிலிருந்து ஒளி வருகிறது என்று சுற்றிலும் துழாவுகிறது. செந்நிறப் பொருளாலான புள்ளி, ஒரு புறத்து ஒளியை மறைத்து, மறுபுறத்து ஒளியைத் தன்மேல் உள்ள உணர்வுப் படலத்தின்மீது திருப்புகிறது. ஒளி படும்போது ஒரு துடுப்பின் வீச்சும் மற்றதன் வீச்சும் சற்று வேறுபடும், படகு திரும்பும். இதனை நம் இல்லத்திலேயே ஓரளவு காணலாம். பச்சையாகக் கலங்கிய குட்டை நீரைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து, சன்னலருகே சிறிது நேரம் அசையாமல் வைத்தால், அதில் நீந்தும் பாசி இருக்குமாயின், பச்சை நிறம் ஒளி வரும் பக்கத்தில் திரளும். சுடுவெயிலில் வைத்தால் விலகியும் போகும்.

எரென்பர்க் கண் என்று சொன்னது முற்றிலும் பிழையன்று என்பது 2002-இல் ஐயமற விளங்கிற்று. செம்புள்ளியின்மேல் உள்ள உணர்வுப் பொருளை அவ்வாண்டில் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். நம் விழித்திரையில் ஒளியை வாங்கும் பொருளைப் போலவே இதிலும் வைட்டமின் ஏ-யோடு உறவுடைய சாயப்பொருள் ஒன்று புரதத்தோடு இணைந்துள்ளது. ஆயின் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஒளி பட்டவுடன் இப்புரதமே வாயில்போல் திறந்து மின்னூட்டம் பெற்ற துகள்களை உள்ளே விடுகிறது. இடையில் வேறு ஏவலாளர் இல்லை. இவ்வாயிலைச் செய்யும் மரபணுவை நரம்பணுவுக்குள் புகுத்தினால், ஒளியைக் கொண்டே நரம்பைத் தூண்டலாம் என்பது 2005-இல் மெய்ப்பிக்கப்பட்டது. நரம்பு ஆராய்ச்சியில் அதன்பின் ஏற்பட்ட மாறுதல் மிகப் பெரிது.

2021-ஆம் ஆண்டில் வெளிவந்த செய்தி ஒன்றை இங்கே கூறாமல் விட முடியாது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் விழித்திரை நோய் இருப்பது தெரியவந்து, அந்நோயால் பார்வை இழந்த ஒருவரின் கண்ணில், கிளாமிடோமோனாஸ் இனத்தைச் சேர்ந்த பாசியிலிருந்து பெற்று ஓரளவு மாற்றியமைத்த ஒளிவாயிலின் மரபணுவை மருத்துவர் செலுத்தினர். காட்சியைத் தக்க ஒளியாக மாற்றித் தரும் தனிக் கண்ணாடியையும் அணிவித்துப் பயிற்சி அளித்தனர். சில மாதங்களில் அவர் மேசைமேல் இருந்த குறிப்பேட்டைக் கண்டு தொட்டார், குவளைகளை எண்ணினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டால் அப்பார்வை இல்லை. முகங்களையும் எழுத்துகளையும் அறியும் பார்வையும் அது அன்று. எனினும் பார்வை இழந்திருந்தவர் ஒரு குவளை இருக்குமிடத்தைக் கண்டு கை நீட்டியிருக்கிறார்.

கண்ணைப் போலவே துடுப்பும் நம்மோடு உறவுடையதே. 1950-ஆம் ஆண்டுகளில் மின்னணு நுண்ணோக்கி வந்தபோது கசையிழையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தவர்கள், ஒன்பது இணைக் குழல்கள் வட்டமாக நிற்க நடுவில் இரு குழல்கள் இருப்பதைக் கண்டனர். பாசியில் கண்ட இதே கோலத்தை மனிதனின் விந்தணுவின் வாலிலும், மூச்சுக் குழாயின் உட்சுவரில் சளியைத் தள்ளும் நுண்ணிழைகளிலும், கருமுட்டையைக் கருப்பைக்கு அனுப்பும் குழாயிலும் கண்டனர். கோலத்தில் ஒரு கோடு கூட மாறவில்லை. குழல்களை ஒன்றன்மேல் ஒன்று நழுவச் செய்யும் இயக்கப் புரதத்தை 1960-ஆம் ஆண்டுகளில் இயான் கிப்பன்ஸ் கண்டறிந்து டைனின் என்று பெயரிட்டார். 1976-இல் சுவீடன் நாட்டு அஃப்சீலியஸ், ஓயாத சளியும் மலட்டுத்தன்மையும் ஒருங்கே உற்ற நோயாளர் சிலரின் இழைகளில் டைனின் இல்லாமையைக் காட்டினார். அத்தகையோருள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதயம் வலப்புறம் அமைந்திருக்கும். கருவின் தொடக்கத்தில் இழைகள் எழுப்பும் மெல்லிய நீரோட்டமே இடம் வலத்தைத் தீர்மானிக்கிறது என்பது பின்னர்த் தெரியவந்தது.

இவ்வாராய்ச்சிகளில் பெரும்பகுதிக்கு உதவிய கிளாமிடோமோனாஸ் வகை எங்கிருந்து வந்தது என்பதும் சுவையான செய்தி. 1945-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆம்ஹர்ஸ்ட் அருகே ஓர் உருளைக்கிழங்குத் தோட்டத்து மண்ணிலிருந்து கில்பர்ட் ஸ்மித் என்னும் பாசி அறிஞர் பிரித்தெடுத்தது அது. இப்பாசியின் கசையிழையை வெட்டிவிட்டால் ஓரிரு மணி நேரத்தில் மீண்டும் வளர்ந்துவிடும். இழையின் நுனியில்தான் வளர்ச்சி நடைபெறுகிறது. ஆனால் புரதம் செய்யும் வசதி இழையில் இல்லை. அங்ஙனமாயின் பொருள்களை நுனிக்குச் சுமந்து செல்வது யார்? 1993-இல் ரோசன்பாம் என்பவரின் ஆய்வுக்குழு இழையினுள் துகள்கள் மேலும் கீழும் ஓயாமல் சென்றுவருவதைப் படம்பிடித்தது. அச்சுமை தூக்கும் புரதம் ஒன்றின் மரபணு எலியில் பழுதுற்றால் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் தோன்றுகின்றன என்பது 2000-இல் வெளிவந்தது. உருளைக்கிழங்குத் தோட்டத்துப் பாசிக்கும் சிறுநீரக நோய்க்கும் உள்ள தொடர்பை முன்கூட்டி எவரும் எண்ணியிருக்க முடியாது.

மீண்டும் கார்ட்டரின் வால்வாக்ஸுக்கு வருவோம். துடுப்பின் கதையில் மிக ஆழ்ந்த பகுதி அதில்தான் இருக்கிறது.

கிளாமிடோமோனாஸ் பெருகும் முறை எளிது. ஓர் உயிரணு பிரிந்து இரண்டும் நான்குமாகி, தாயின் கூட்டை உடைத்து வெளியேறும். இறந்தது என்று சொல்வதற்கு ஓர் உடல் எஞ்சுவதில்லை. ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு. கசையிழைக்கு அடியில் ஆணிவேர்போல் நிற்கும் உறுப்பும், உயிரணு பிரியும்போது அப்பிரிவை நடத்த வேண்டிய உறுப்பும் ஒன்றே. ஆகவே பிரியும் நேரத்தில் துடுப்பைக் கைவிட வேண்டும். நீரைவிடச் சற்றுக் கனத்த இவ்வுயிர், துடுப்பு நின்றால் ஒளியை விட்டுக் கீழே அமிழும். தனி உயிரணுவுக்கு அது சிறிது நேரத் துன்பம். பல உயிரணுக்கள் சேர்ந்த கூட்டத்திற்கோ அது பெருங்கேடு. எல்லாம் ஒரே சமயத்தில் பிரியத் தொடங்கினால் கூட்டம் முழுவதும் மூழ்கும். எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு உயிரணு கொண்ட சிறு கூட்டங்கள் எப்படியோ சமாளிக்கின்றன. அதற்கு மேற்பட்டால் ஒருவனே படகு வலித்துக்கொண்டு பிள்ளையும் வளர்க்க முடியாது.

வால்வாக்ஸ் கண்ட வழி வேலைப் பிரிவினை. வால்வாக்ஸ் கார்ட்டெரியில் ஏறத்தாழ இரண்டாயிரம் சிறு உயிரணுக்கள் கோளத்தின் மேற்பரப்பில் இருந்து துடுப்பு மட்டுமே வலிக்கின்றன. உள்ளே பதினாறு போல் பெரிய உயிரணுக்கள் மட்டும் இனத்தைப் பெருக்குகின்றன. சிறியவை பிரிவதே இல்லை. அவற்றின் துடுப்புகள் கோளத்தை ஒளியில் நிறுத்துவதோடு, புதிய நீரையும் உணவையும் ஓயாமல் மேற்பரப்புக்குக் கொணர்கின்றன என்று 2006-இல் அளந்து காட்டினர். உள்ளே வளரும் சேய்க் கோளங்கள் முதலில் துடுப்பு முனைகள் உட்புறம் நோக்கியவாறு உருவாகும். பிறகு ஒவ்வொன்றும் சட்டையின் உட்புறத்தை வெளியே திருப்புவதுபோல் தன்னைத்தானே புரட்டிக்கொள்ளும். நுண்ணோக்கியில் இக்காட்சியைக் கண்டவர் மறக்க மாட்டார். பின்னர்ச் சேய்கள் தாயைத் திறந்துகொண்டு வெளியேறும். லீவன்ஹூக் கண்டது இதனையே. சேய்கள் போனபின் அவர் கண்ணுக்குப் படாத ஒன்று நடைபெறுகிறது. படகு வலித்த இரண்டாயிரம் உயிரணுக்களும் சில நாட்களில் மடிகின்றன. நோயால் அன்று, பசியால் அன்று, அவற்றின் அமைப்பே அவ்வாறு.

ஜெர்மானிய அறிஞர் ஆகஸ்ட் வைஸ்மன் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதனைச் சுட்டிக்காட்டினார். தொடரும் வித்தணு, மடியும் உடலணு என்னும் பிரிவு இங்கே கண்கூடாகத் தெரிகிறது என்றார். நம் தலைமுறைகள் ஒரு சிறு வித்தின் வழியே தொடர்கின்றன; நாம் என்று சொல்லிக்கொள்ளும் இவ்வுடல் படகு வலிப்போர் கூட்டத்தைச் சேர்ந்தது. விலங்குகளின் உடலும் வால்வாக்ஸின் உடலும் தனித்தனியே தோன்றியவை என்பதை நாம் மறந்துவிடலாகாது. வால்வாக்ஸின் முன்னோர் கூடி வாழத் தொடங்கிச் சற்றேறக்குறைய 20 கோடி ஆண்டுகள் ஆயின என்று மதிப்பிடுவர். விலங்கினம் அதற்கும் நெடுங்காலம் முந்தியது. ஆயினும் நீந்துவதா, பெருகுவதா என்னும் முட்டுப்பாட்டிலிருந்து மடியும் உடல் ஒன்று தோன்றியதை, இக்குலத்தில் போல் படிப்படியாக வேறெங்கும் காண்பது அரிது.

வால்வாக்ஸ் கார்ட்டெரியின் வரலாற்றில் சென்னைக்கும் பங்கு உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியராகவும், பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தின் தலைவராகவும் விளங்கியவர் எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்கார். 1886-இல் பிறந்து 1963-இல் மறைந்தவர். இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படுபவர். மழை பெய்து தேங்கிச் சில வாரங்களில் வற்றிவிடும் குட்டைகளில் நாடி நாடிப் பாசி சேகரித்தார். சென்னையின் வால்வாக்ஸ் குடும்பத்தைப் பற்றி 1920-இல் எழுதினார். இலண்டனில் பேராசிரியர் ஃபிரிட்ஷிடம் ஆராய்ந்து திரும்பியபின், 1932-இல் தாம் கண்ட புதிய பாசிக்கு ஆசிரியர் பெயரால் ஃபிரிட்ஷியெல்லா என்று பெயரிட்டார். 1933-இல் தென்னிந்தியாவில் கூட்டமாக வாழும் நீந்தும் பாசிகளைப் பற்றி விரிந்த கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அதில் வால்வாக்ஸ் கார்ட்டெரியின் வகை ஒன்றுக்கு 'நகரியென்சிஸ்' என்று பெயர் வைத்தார். நகரியைச் சேர்ந்தது என்பது அச்சொல்லின் பொருள். சென்னையிலிருந்து திருத்தணி வழியே திருப்பதி சென்றவர்க்கு நகரி என்னும் பெயர் புதிதன்று.

1969-இல் அமெரிக்காவின் ரிச்சர்டு ஸ்டார், ஜப்பானில் எடுத்த பாசி இவ்வகையே என்று கண்டு, அதனை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் முறைகளை வகுத்தார். அன்று முதல் உலகெங்கும் வளர்ப்பது நகரியென்சிஸ் வகையே. 2010-இல் அதன் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டது. கிளாமிடோமோனாஸின் தொகுதியோடு ஒப்பிட்டபோது அறிஞர் வியந்தனர். இரண்டிலும் ஏறத்தாழ 14,500 மரபணுக்களே இருந்தன. ஓருயிரணு வாழ்க்கைக்கும், பிரிவினையும் இறப்பும் உள்ள உடல் வாழ்க்கைக்கும் இடையே கருவிகளின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. பெரும்பாலும் பழைய கருவிகளையே புதிய வேலைக்குப் பயன்படுத்தியிருக்கிறது.

ஐயங்கார் நாடிச் சென்ற குட்டைகள் ஏன் இவ்வுயிருக்கு உகந்தவை என்பதற்கு 1986-இல் ஒரு விளக்கம் கிடைத்தது. டேவிட் கிர்க், மேரிலின் கிர்க் என்னும் தம்பதியர் வால்வாக்ஸைச் சிறிது நேரம் வெப்பத்தில் வைத்துப் பார்த்தனர். அவ்வளவில், துடுப்பு வலிக்கும் உடலணுக்கள் ஒரு பொருளைச் சுரந்தன. அடுத்த தலைமுறையில் ஆணும் பெண்ணும் தோன்றின. கோடை ஏறிக் குட்டை சூடாகும்போது, நீர் வற்றுமுன் இவ்வாறு கலந்து, தடித்த சுவருடைய செந்நிற வித்து உண்டாகிறது. அது காய்ந்த சேற்றில் கிடந்து வெயிலையும் வறட்சியையும் தாங்கும். வால்வாக்ஸ் தேடுவோர் ஆகவே நீருள்ள காலத்தை மட்டும் எதிர்பார்ப்பதில்லை. கோடையில் வெடித்துக் கிடக்கும் குட்டையின் மண்ணைத் தாளில் மடித்து எடுத்துவந்து, தட்டில் இட்டு, நீர் ஊற்றி, சன்னலருகே வைத்துவிட்டுக் காத்திருப்பர்.